ஆளுக்கொரு சீட்டு

"பத்து வருஷத்துல நம்ம தோட்டம் எப்படி இருக்கணும்? ஆளுக்கொரு சீட்டுல எழுதுங்க, பேர் வேண்டாம்," என்றார் அப்பா.

விடுமுறைக்கு வந்திருந்த தம்பிகள் மூவரும் எழுதினார்கள். கல்யாணம்கூடப் பண்ணாமல் தோட்டமே கதியென்று கிடக்கும் அக்காவும், தேநீரை வைத்துவிட்டு எழுதினாள்.

அப்பா முதல் சீட்டில் இருந்ததை உரக்கப் படித்தார்: "அப்போ நான் இங்க இருக்கக் கூடாது."

"டேய், உன் வேலைதானே?" என்று கடைக்குட்டியைச் சீண்டினார்கள் அண்ணன்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. விதை டப்பாக்களின் மேல் இருபது வருடமாக அவர் பார்த்துவரும் கையெழுத்து அது. சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்ததைப் பிரித்தார்.

"எலுமிச்சைத் தோப்பா? தாராளமா வைக்கலாம். பாத்துக்கத்தான் இருக்கவே இருக்கா உங்க அக்கா."