சீல் மட்டும் போதும்

“சீல் மட்டும் மாத்துன்னுதானே சொன்னான்? நீ எதுக்குடி முன்பக்கம் மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டிருக்க?”

கையில் கரண்டியோடு வந்து நின்றாள் ஆ-ஜியாவ். தைவானின் கீலுங் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில், அவளுடைய மீன் உருண்டை சூப் கடைக்கும் யூ-சுன்னின் பைக் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

யூ-சுன் நிமிரவில்லை. பழைய பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேசைமேல் கிடத்தியிருந்தாள். கடல் காற்றில் குழாய்கள் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, உள்ளேயிருந்த எண்ணெயைக் கசியவிட்டிருந்தன.

பைக் அவளுடைய முன்னாள் கணவன் மிங்-தேயுடையது. விவாகரத்தானபோது பட்டறை மூலையில் விட்டுவிட்டுப் போனது. இப்போது அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டாயிற்று. போன வாரம் போன் செய்தான். “பைக்கை எடுத்துக்கறேன். எண்ணெய் ஒழுகுதே, அந்த சீலை மட்டும் மாத்தி வை, போதும்.” எதுவுமே நடக்காத மாதிரி குரல்.

“வேற பட்டறைக்குப் போடான்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?” என்றாள் ஆ-ஜியாவ்.

“இந்தப் பழைய வண்டியைத் தொட இங்க வேற யாரு இருக்கா?”

“சரி, சீலை மாத்தித் தூக்கிப் போடு. புதுக் குழாய், புது ஸ்பிரிங்... என்ன, புது மாப்பிள்ளைக்குச் சீர் செய்யறியா?”

“ஸ்பிரிங் தளர்ந்து போச்சு அக்கா. பிரேக் பிடிச்சா வண்டி மூக்கு அப்படியே கீழ இறங்குது. சீல் மாத்தினா ஒழுகுறதுதான் நிக்கும். இறங்கறது நிக்காது.”

“இறங்கட்டுமே! அவன் மூக்குதானே ரோட்டுல தேயப் போகுது? நான் சந்துக்கே இலவசமா சூப் ஊத்தறேன்.”

யூ-சுன் பழைய ஸ்பிரிங்குகளை ஓரமாக வீசினாள். தடித்த கம்பியில் சுற்றிய புதியவற்றைக் குழாய்க்குள் இறக்கினாள்.

“பாக்குக் கடைக்காரி வரைக்கும் பேசறாடி. ‘அவ இன்னும் அவனை மறக்கல, வண்டியைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கா’ன்னு. சந்தே சிரிக்குது.”

“சிரிக்கட்டும்.”

“நிஜமாவே இன்னும் ஆசை இருக்கா?”

“இல்ல. ஆனா எனக்கு எப்படித் தோணுதோ அப்படித்தான் செய்வேன். யாரும் சொல்ல வேணாம். உன் சூப் பொங்குது, போக்கா.”

சனிக்கிழமை மிங்-தே வந்தான். கூடவே புது மனைவி வான்-ரு. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று பட்டறை வாசலிலேயே நின்றாள். ஆ-ஜியாவ் தன் கடை வாசல் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேசை.

மிங்-தே பைக்கைச் சுற்றி வந்தான். பளபளக்கும் குழாய்களைப் பார்த்ததும் வாய்கொள்ளாத சிரிப்பு.

“புதுக் குழாயே போட்டிருக்கியா? சீல் மட்டும் போதும்னுதானே சொன்னேன். நீ மாறவே இல்ல யூ-சுன். என் வண்டின்னா உனக்கு உயிராச்சே!”

வான்-ரு தலையைக் குனிந்துகொண்டாள். ஆ-ஜியாவ் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள்.

“ஓட்டிப் பாரு,” என்றாள் யூ-சுன்.

தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு, மணிக்கட்டை உதறிக்கொண்டே திரும்பி வந்தான்.

“என்ன எழவு இது? கல்லு மாதிரி இருக்கு! சாக்கடை மூடிமேல ஏறினா தோள் வரைக்கும் இடிக்குது. வேணும்னேதானே பண்ணியிருக்க?”

“வேணும்னேதான்.”

“அடிப்பாவி, இதுக்குத்தானா!” ஆ-ஜியாவுக்கு முகமெல்லாம் பல். “சொல்லியிருந்தா நானும் ஒரு கை பிடிச்சிருப்பேனே!”

“பழைய ஸ்பிரிங்கையே திருப்பிப் போடு,” என்றான் மிங்-தே.

“மாட்டேன்.”

“இது என் வண்டி.”

“இது என் பட்டறை. பழசை இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயாச்சு.” யூ-சுன் வாசல் பக்கம் திரும்பினாள். “நீ வாம்மா. பின்னாடி ஏறி உக்காரு. அந்தக் கோயில் மேடு வரைக்கும் போயிட்டு இறங்கி வாங்க.”

வான்-ரு புருஷனைப் பார்த்தாள். அவன் முறைத்தான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பி வந்து மிங்-தே வண்டியை நிறுத்தினான். இந்தத் தடவை மணிக்கட்டை உதறவில்லை.

“இப்ப எப்படி இருக்கு?” என்றாள் யூ-சுன்.

வான்-ருதான் முந்திக்கொண்டு சொன்னாள். “நல்லா இருக்கு அக்கா. இடிக்கவே இல்ல. இறக்கத்துல இவர் பிரேக் போட்டப்போகூட வண்டி குப்புற சாயல.”

“ரெண்டு பேர் எடைக்குப் போட்ட ஸ்பிரிங்மா. தனியாப் போனா இடிக்கத்தான் செய்யும்.”

ஆ-ஜியாவின் கையில் துணி அப்படியே நின்றது.

“ரெண்டு பேருக்குப் போடுன்னு நான் உன்கிட்ட கேட்டேனா?” என்று சீறினான் மிங்-தே.

“நீ கேக்க மாட்டே. அன்னிக்கு ஜியுஃபென் மலை இறக்கத்துல இதே வண்டி குப்புற சாஞ்சப்போ உனக்கு ஒரு கீறல்கூட விழல. உடைஞ்சது, பின்னாடி உக்காந்திருந்த என் தோள்பட்டைதானே.”