இரண்டு குட்டிக் கட்டில்

“அத்தை, திரையைத் தலைகீழா மாட்டிட்டீங்க. வாத்தெல்லாம் காலை மேல தூக்கிக்கிட்டு நீந்துது பாருங்க!”

முக்காலி மேல் நின்றிருந்த இன்சாஃப் நிமிர்ந்து பார்த்தாள். “அட ஆண்டவனே!” என்று தலையில் தட்டிக்கொண்டாள். “ராத்திரி சரியாத் தூக்கமில்லை கண்ணு. கழட்டு, கழட்டு. பிறக்கப்போற பிள்ளை இதைப் பாத்துட்டு, வாத்துன்னாலே இப்படித்தான்னு நினைச்சுக்கப் போகுது.”

நஜ்லா சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை வரவழைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

நஜ்லாவுக்கும் இன்சாஃபின் மகன் ஹாஸிமுக்கும் வியாழக்கிழமை கல்யாணம். மன்சூரா ஊர் வழக்கப்படி, பெண் புதுவீட்டில் கால் வைக்கும் முன்பே கூடம், படுக்கையறை, பிள்ளைகள் அறை எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பிள்ளைக்குக் கட்டில்! அதுவும் ஒன்று போதாதாம், இரண்டு. நாளைக்கு இரண்டு பக்கச் சொந்தமும் வந்து அறை அறையாகப் பார்க்கும், குலவையிடும், குறையும் சொல்லும். பிள்ளைகள் அறை மட்டும் காலியாகக் கிடந்தால் அவ்வளவுதான், பேச்சு சந்து முனை வரைக்கும் போய்விடும்.

போன வருடம் வயிற்றில் ஒரு கட்டிக்காக நஜ்லாவுக்கு ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தாள். கர்ப்பப்பை போய்விட்டது. ‘யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது’ என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மனசு கேட்காமல் நஜ்லா ஹாஸிமிடம் மட்டும் சொல்லிவிட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, “எனக்கு நீ போதும். ஆனா எங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு நஜ்லா. எதையும் மறைச்சு வச்சுக்கிட்டு நாம கல்யாணம் பண்ணிக்க வேணாம்,” என்றான்.

இன்றைக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னவன், கடைசி நேரத்தில் கடையில் வேலை என்று நழுவிவிட்டான். இருக்கட்டும், அவனுக்கு அப்புறம் இருக்கிறது!

“ஜன்னல் பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு,” என்றாள் இன்சாஃப், திரையை வளையத்தில் கோத்தபடி.

“ஏன் அத்தை, பையனுக்குக் காத்து வேணாமா?”

“உன்னை மாதிரி வாயாடியாப் பிறந்தா அவ தெருவை வேடிக்கை பாக்க வேணாமா? பையன் அவன் அப்பனை மாதிரி. சோத்தைக் கண்ணுல காட்டிட்டா எங்க போட்டாலும் தூங்கிடுவான்.”

எவ்வளவு ஆசை இந்த மனுஷிக்கு! கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து இந்த ஒரு அறையைத்தான் இழைத்து இழைத்துச் செய்கிறாள். சுவரில் மேகம் வரைய வைத்தாள். போர்வைக்குத் தன் கையாலேயே பூ தைத்தாள். இவளிடம் போய் எப்படிச் சொல்வது?

“கண்ணு…” என்று இழுத்தாள் இன்சாஃப். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க அத்தை.”

“அது வந்து… அந்த நீல மணியை இன்னும் கொஞ்சம் மேலே கட்டு. கண்ணு படாம இருக்கட்டும்.”

நஜ்லா மணியைக் கையில் எடுத்தாள். கட்டவில்லை. அப்படியே கட்டில் மேல் வைத்துவிட்டாள்.

“இந்த அறை வேணாம் அத்தை.”

“ஏன்? நிறம் பிடிக்கலையா?”

“எனக்குப் பிள்ளை பிறக்காது. ஆபரேஷன்ல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.”

இன்சாஃபின் கையிலிருந்த திரை நழுவிக் கீழே விழுந்தது. முக்காலியிலிருந்து மெல்ல இறங்கி, ஜன்னலோரக் குட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்,” என்றாள் நஜ்லா. அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. “திட்டணும்னா திட்டிடுங்க அத்தை. கல்யாணமே வேணாம்னாலும் இப்பவே சொல்லிடுங்க. சாமானை எல்லாம் இன்னைக்கே ஏத்திக்கிட்டுப் போயிடுறோம். ஆனா அவர் இல்லாம நான் எப்படி இருக்கப்போறேன்னுதான் தெரியலை.”

“ஹாஸிமுக்கு இது தெரியுமா?”

“தெரியும். ‘அம்மாகிட்ட நீயே சொல்லிடு’ன்னு அவர்தான் என்னை அனுப்பினார்.”

“அட படவா ராஸ்கல்!”

இன்சாஃப் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

“என்னையும் அதுக்குத்தான்டி அனுப்பி வச்சான்! ‘நஜ்லாகிட்ட நீயே சொல்லிடும்மா, எனக்கு வாய் வரலை’ன்னு காலையில என் காலைப் பிடிக்காத குறை.”

“என்ன சொல்லணுமாம்?”

இன்சாஃப் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“என் கல்யாணத்துக்கும் இப்படித்தான் கட்டில் போட்டாங்க கண்ணு. எனக்கு எதுவும் பிறக்கலை. ஹாஸிமை நான் அநாதை இல்லத்துலேருந்துதான் தூக்கிட்டு வந்தேன். அவனோட அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப நீ சொல்லு, என் பிள்ளையை வேணாம்னு சொல்லிட மாட்டியே?”