பத்து நோட்டிலும் ஒரே வாக்கியம்

ஸ்பெஷல் கிளாஸில், 'இஸ்'ஸுக்குப் பின் வந்து வாக்கியத்தை நிறைவு செய்யும் காம்ப்ளிமென்ட்டுக்குச் சொந்தமாக ஓர் உதாரணம் எழுதச் சொன்னார், கம்பத்துக்குப் புதிதாக வந்த ஆங்கில ஆசிரியர் சசிதரன். பத்து நோட்டிலும் ஒரே வாக்கியம்: 'தி ஜீப் இஸ் லேட்.'

"யாரைப் பாத்து யாரு காப்பியடிச்சீங்க?"

எல்லாரும் திருட்டு முழியோடு ஜன்னலையே பார்த்தார்கள்.

"ஒரு வாரமா நடத்துனது ஒருத்தருக்கும் புரியலையா?"

சிம்ரன் எழுந்தாள். "காப்பியடிக்கல சார். எங்க பத்துப் பேரு அம்மாவும் ஒரே ஜீப்புலதான் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருக்காக. அஞ்சு மணிக்கே வந்திருக்கணும்."

மணி ஆறரை. இப்போது சசிதரனும் ஜன்னலைப் பார்த்தார்.

வெளியே ஹாரன் கேட்டது. வகுப்பே வாசலுக்கு ஓடியது. சசிதரன் பெருமூச்சு விட்டு, பத்து நோட்டிலும் 'சரி' போட்டார்.

சிம்ரன் மட்டும் திரும்பி ஓடிவந்தாள்.

"சார், அதை அழிச்சிருங்க, தப்பாயிருச்சு! ஜீப்பு வந்திருச்சு!"