கீழே இறங்கிய கோடு

"ஏங்க, உங்க கோடு எவ்வளவு அழகா இறங்கியிருக்கு பாருங்களேன்" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள் மனைவி.

அவர் பார்த்தார். அவருடைய எடையைக் காட்டும் நீலக் கோடு, மேட்டிலிருந்து நியூட்ரலில் விட்ட வண்டியைப் போல எங்கும் தடுக்காமல் இறங்கியிருந்தது.

காபிக் கோப்பையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் உணவு ஆலோசகர். சாப்பாட்டைக் கணக்கு வைக்கும் செல்பேசிச் செயலிகளில் எதை நோயாளிகளுக்குச் சிபாரிசு செய்யலாம் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார்கள். சில மாதங்களாக வீட்டில் அதே பேச்சுதான். ஒரு செயலிக்கு அவித்த முட்டையும் பொரித்த முட்டையும் ஒன்று. இன்னொன்று, திறந்தாலே சத்துமாவு டப்பா விற்க வந்துவிடும். மற்றொன்று, கைக்குழந்தையின் வயதைப் போட்டால்கூட இளைக்க வழி சொன்னது.

எல்லாவற்றையும் கழித்துக்கட்டியதில் ஒன்றே ஒன்று தேறியது. கணக்கு சரி, பேச்சு சரி. ஆனால் ஒரு சோம்பேறி அதை விடாமல் பயன்படுத்துவானா என்று பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் வீட்டிலேயே ஆள் இருந்தாரே.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. அப்போதெல்லாம் சீட் பெல்ட் அவர் தொப்பையைச் சுற்றி வர யோசிக்கும்.

முதல் வாரம் உண்மையாகத்தான் இருந்தார். அடுத்த வாரம் ஒரு மாணவிக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுக்கொடுத்தபோது, வண்டி போய் நின்ற இடம் ஒரு பேக்கரி வாசல். அது தற்செயல்.

அதற்குப் பிறகு எல்லா மாணவர்களும் அந்த வாசலில்தான் வண்டி நிறுத்தப் பழகினார்கள். அது தற்செயல் இல்லை.

கிரீம் பன்னை விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, 'வெள்ளரிக்காய், ஒரு கிண்ணம்' என்று செயலியில் பதிவார். அது பச்சையாக மின்னி 'அருமை!' என்னும். அந்த ஒரு சொல்தான் அவரை அதிகம் சுட்டது.

ஞாயிறுதோறும் எடைக்கருவியில் ஏறும்போது, இன்றைக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கண்ணை மூடிக்கொள்வார். முள் போன வாரத்தைவிடக் குறைவாகவே காட்டும். வெயிலில் அலைந்ததில் கரைந்திருக்கும், தப்பித்தோம் என்று இறங்குவார். அவளோ தங்கையைப் போனில் கூப்பிட்டு, உன் மாமாவை இப்போது பார்த்தால் அடையாளமே தெரியாதுடி என்று பூரித்துப்போவாள். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்று அறிக்கையை அனுப்ப உட்கார்ந்திருக்கிறாள்.

"இனிமே வர்ற எல்லா நோயாளிக்கும் இதத்தான் கொடுக்கப்போறாங்க. நீங்கதாங்க எனக்குச் சாட்சி."

எல்லா நோயாளிக்கும். அவர் கூனிக்குறுகிப் போனார். தான் தின்றது தன்னோடு போகட்டும். முகம் தெரியாத யாரோ, உடம்பு முடியாதவர்கள், தன் வெள்ளரிக்காயை நம்பி வரிசையில் நிற்கப்போகிறார்கள்.

அவள் விரல் பொத்தானுக்குப் போனது.

"இரும்மா, அனுப்பாத. நான் அதுல போட்டது அத்தனையும் பொய்."

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பன், கேக், பொரித்த கோழி, ஐஸ்கிரீம். அவள் கட்டிக்கொடுத்த காய்கறி டப்பா தினமும் மாணவர்களின் வயிற்றுக்குப் போனது. முன்பு சாப்பிட்டதைவிட இப்போது இரண்டு மடங்கு சாப்பிடுவது, எவ்வளவு தின்றாலும் பசி அடங்காதது என்று எல்லாவற்றையும் மேசையைப் பார்த்தபடியே ஒப்பித்தார்.

முடித்துவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தார். அவள் திட்டினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் பாத்திரங்கள் பேசும். பொழுது சாய்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.



நிமிர்ந்தார். அவள் கணினியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துருத்திய கழுத்தெலும்பை, ஒட்டிய கன்னத்தை, கோப்பையைப் பிடித்திருந்த கையை, இதற்கு முன் பார்த்தே இராதவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அசதியாக இருக்கிறது என்று அவர் முனகியபோதெல்லாம், உடம்பு புதுச் சாப்பாட்டுக்குப் பழகுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தவள் அவள்.

"அப்போ எடை எப்படிங்க குறைஞ்சுது?"

அவள் குரல் பக்கத்திலிருந்த அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

பொய்யை மறைக்கிற மும்முரத்தில், அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

அவள் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். "சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பொய் சொன்னது அவர். மன்னிப்புக் கேட்டது அவள்.

"ஒரு வார்த்தையாவது திட்டேன்ம்மா" என்றார்.

அவள் குனிந்து, அவருடைய செருப்பை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.