ஹெட்டி சொன்ன கடல்

“இன்னிக்கு என்ன நிறம்மா?”

கொதிகலன் அறையிலிருந்து கரி முகத்தோடு ஏறி வந்த டெனிஸ், தேநீர்க் குவளையும் கையுமாக நடைவழியில் நின்று கேட்டார்.

லிவர்பூலிலிருந்து நியூயார்க் போகும் அந்தக் கப்பலில் மூன்று சாதிகள். தளத்துக்காரர்கள், இயந்திரக்காரர்கள், உபசரிப்புக்காரர்கள். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்தால் வேலைக்கே உலை. கப்பலின் வயிற்றுக்குள் ஓடும் இந்த நீண்ட நடைவழியில் மட்டும்தான் மூவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ள முடியும்.

இருபத்திரண்டு வருஷம் கரி அள்ளிப் போட்டும் டெனிஸ் நடுக்கடலைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் துறைமுகத்து அழுக்குத் தண்ணீர்தான்.

மடித்த விரிப்புகளைச் சுமந்து வந்த ஹெட்டி நின்றாள். வெள்ளை ஏப்ரன் என்றால் உபசரிப்புப் பிரிவு. உபசரிப்புப் பிரிவு என்றால் மேல்தளம், காற்று, வெளிச்சம். கரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

“வெளிர்நீலம் அண்ணே. கஞ்சி போட்டுத் தேச்ச விரிப்பு மாதிரி, ஒரு சுருக்கம் இல்ல. ஓரத்துல மட்டும் லேஸ் வெச்சாப்புல நுரை.”

டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பில் ஏறியிருந்த அனல் மெல்ல இறங்கியது. எங்கோ மிதப்பது போலிருந்தது. பதினோரு வருஷமாக அவள் சொல்லும் கடலில்தான் அவர் தூங்கி எழுகிறார்.

“ஊர் திரும்பினதும் கொதிகலனுக்குக் கரி வேண்டாமாம், எண்ணெய் அடுப்பாம். கரிக்காரன் அத்தனை பேருக்கும் சீட்டுக் கிழியுது. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை நேர்ல பாத்துடணும் ஹெட்டி. இல்லன்னா கடல்ல வேலை பாத்தேன்னு பொண்டாட்டிகிட்ட எந்த மூஞ்சியோட சொல்வேன்?”

“மேல விட்டுருவாங்களாக்கும்!”

“எங்க தலைமை இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுட்டாரு. தளத்து அதிகாரி முறைச்சுக்கிட்டே போட்டாரு. நாளைக்குப் பகல்ல பத்து நிமிஷம். உங்க பிரிவுத் தலைவர்கிட்ட உனக்கும் சேத்து அனுமதி வாங்கிட்டேன். நீதானேம்மா எது எதுன்னு காட்டணும்?”

ஹெட்டியின் கையிலிருந்த விரிப்புகள் சரிந்தன.

“எனக்கு வேலை கிடக்கு. நீங்க மட்டும் போயிட்டு வாங்கண்ணே.”

“ரொம்பத்தான் பிகு பண்ணாதே! உனக்குப் பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும். எனக்காக வா.”

மறுநாள் இரும்புக் கதவு திறந்ததும் கண் கூசியது. டெனிஸ் தட்டுத்தடுமாறிப் போய்க் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். நாலா பக்கமும் நீலம். கரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது போலிருந்தது. கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

“நீ சொன்னது அப்படியே இருக்கும்மா!” என்று திரும்பினார்.

பக்கத்தில் ஹெட்டி இல்லை. முகம் வெளிறி, இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

“கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கண்ணே... எங்க இஸ்திரி ரூமுக்கு ஜன்னலே கிடையாது. இவ்ளோ பெரிசா இருக்கும்னு என்கிட்ட யாருமே சொல்லலையே!”