சிவப்பும் நீலமும்

அந்த டிரைவருக்கு வேலை போய்விட்டால் என்ன செய்வான்? வேறு வண்டி ஓட்டுவான். ஓட்டத் தெரிந்தவனுக்கு வேலையா கிடைக்காது?

அஸ்வினி இதை மூன்றாவது தடவையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அது உள்ளே இறங்கவில்லை.

மாமனார் விருத்தாசலத்தின் பதினாறாம் நாள் காரியம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. வாசல் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. கணவன் தென்னரசின் அக்கா மலர்விழி தன் கையாலேயே இரண்டு பக்கம் மனு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அப்பாவை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் டிரைவர் செல்வகுமார் மெத்தனமாக ஓட்டியதால்தான் உயிர் போனது, அவருடைய லைசென்சை ரத்து செய்ய வேண்டும் என்று மனு.

வீட்டார் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுபடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தென்னரசு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் பெயருக்குக் கீழே அஸ்வினிக்கு இடம் விட்டிருந்தது.

"பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரே சொன்னாரு. நீயும்தானே கேட்டுக்கினு இருந்த," என்றாள் மலர்விழி.

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்ற செல்வகுமார் சொன்னதையும் கேட்டாள். கூட்டேரிப்பட்டில் பாலம் கட்டுகிற இடத்தில் ரோடு ஒற்றை வழியாகிவிடுகிறது. அங்கே முன்னால் போன வேன் ஒன்று கடைசி வரைக்கும் வழி விடவில்லை. பின்பக்கம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக லைட்டு. கண் கூசியதில் நம்பரைக்கூடப் படிக்க முடியவில்லை.

"ஆம்புலன்சுக்கு வழி வுடாத ஜென்மம் கூட உண்டா? ஆளு செத்தப்புறம் கதை வுடறான்," என்று மலர்விழி அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் ஆம்புலன்சின் உள்ளே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். முன்னால் என்ன போனது என்று அவளுக்குத் தெரியாது.

அப்படி ஒரு ஜென்மம் இல்லைதான். ஆனால் பௌர்ணமி சாயங்காலம் அந்த ரோட்டில் எது ஆம்புலன்ஸ், எது திருவக்கரைக்குப் போகிற வேன் என்று கண்டுபிடிப்பது லேசில்லை. கோயில் சவாரி கிடைக்க வேண்டுமென்றால் வண்டி தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பார்கள் வேன்காரர்கள். எல்லா வேனிலும் லைட்டு மின்னும். ஹாரனும் சைரன் மாதிரியே ஊளையிடும். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சோதனைக்கு முதல் நாள் அத்தனையையும் கழற்றிச் சாக்கில் கட்டி வைப்பார்கள். வண்டி பாஸாகி வந்த அன்றைக்கே திரும்ப மாட்டிவிடுவார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. குளித்துவிட்டுத் தலைவாரிக்கொள்கிற மாதிரி அது ஒரு காரியம்.

தென்னரசின் வேனும் அப்படித்தான். கடையில் மஞ்சளைக் காட்டியபோது வேண்டாம் என்று, மாறி மாறி அடிக்கிற சிவப்பையும் நீலத்தையும் கேட்டு வாங்கியவள் அஸ்வினி. அடுத்த வாரமே ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, இந்தக் கலர் உங்களுக்கு இல்லம்மா, ஆம்புலன்சுக்கும் எங்களுக்கும்தான் என்று சொல்லி அபராதச் சீட்டைக் கொடுத்தார். பார்க்க நல்லாத்தானே சார் இருக்குது என்று அவள் சிரித்தாள்.

அந்தப் பௌர்ணமிக்கு வேனில் தெருப் பெண்கள் பதினான்கு பேர். அஸ்வினி முன்னால் தென்னரசின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலம் கட்டுகிற இடத்தில் பின்னால் சைரன் கேட்டது. கண்ணாடியில் சிவப்பும் நீலமும் வந்து வந்து போயின. தென்னரசு ஓரம் கட்டப் பார்த்தான். கட்டினால் மண்ணில் இறங்க வேண்டும். பின்னால் வருகிற வேன்கள் எல்லாம் முந்திக்கொண்டு போய்விடும்.

அஸ்வினி கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள்.

"அதுவும் நம்மள மாதிரி லைட்டு வண்டிதாங்க. நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருங்க."

பெண்கள் சிரித்தார்கள். தென்னரசுக்குப் பொண்டாட்டி சொல்தான் டிராபிக் போலீஸ் என்றாள் ஒருத்தி. அவனும் சிரித்தான். ஒதுங்கவில்லை.

ரோடு அகலமானதும் அது முந்திப் போனது. பக்கவாட்டில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தாள். பாவம், யாரோ, நல்லபடியாகப் பிழைக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மயிலம் தாண்டும்போது தென்னரசுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

சாவுக்கு மூன்றாம் நாள் காலையில் அவன் வேனடியில் படுத்து லைட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். எஃப்.சி.யா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினான். எஃப்.சி.க்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அஸ்வினி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த ரோட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"போடு அஸ்வினி. உன்னைப் பெத்த மகளாத்தானே வச்சிருந்தாரு," என்று பேனாவை நீட்டினாள் மலர்விழி.

அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அக்காவுக்குத் தம்பி இல்லாமல் போய்விடுவான். அஸ்வினி பேனாவை வாங்கி மூடினாள். மனுவின் மேல் வைத்து, மெதுவாக மலர்விழியின் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போடலீங்க அண்ணி."

ஏன் என்று மலர்விழி கேட்டாள்.

தென்னரசு கேட்கவில்லை.