இடப்பக்கத்து எடை

வெள்ளோட்டத்தில் பஸ் போட்ட பிரேக்கில், மடியில் இடுக்கிப் பிடித்திருந்த பால் பாத்திரம் அவள் கையை விட்டுப் பறந்து டிரைவர் சீட்டில் முட்டி நின்றது. பால் முழுக்கத் தரையில்.

"ஏங்க, இது வண்டியா, இல்ல என்னைக் கூட்டிட்டுப் போக வந்த எமனா?"

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் கணவர் கீழே இறங்கினார். இடது பின்சக்கரம் மறுபடியும் பூட்டிக்கொண்டு, ரோட்டில் கறுப்பாய்க் கோடு இழுத்திருந்தது. வலது சக்கரம் சமர்த்தாக உருண்டு நின்றிருந்தது.

"பிரேக் சரியாகட்டும். அப்புறம் கிளம்பலாம்" என்றார்.

இந்த 'அப்புறம்' அவளுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை. மனுஷர் ரிட்டயர் ஆனதும், தான் ஓட்டின பஸ்ஸையே ஏலத்தில் எடுத்து, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அதை வீடாக மாற்ற ஆரம்பித்தார். அன்றிலிருந்து அப்புறம், அப்புறம்தான். முதல் பயணம் எங்கே என்று கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அவளுக்கு எங்கே போகணும் என்பது ஊருக்கே தெரியும். அவளுடைய அப்பா, இடுப்பு எலும்பு முறிந்து, அண்ணன் வீட்டுப் பின்னறையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். அங்கே இன்னொருத்தர் தங்கக் கால் நீட்ட இடமில்லை. காலையில் போய் மாலையில் திரும்புவாள், மனசை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு. இந்த பஸ்ஸை அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டால் பத்து நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று ஏங்கினாள்.

அப்பாவுக்கும் ஃபோனில் ஒரே பல்லவி. "சாகறதுக்குள்ள ஒரு தடவை கடலைப் பாக்கணும்மா." அவள் அதைச் சொல்லி மூக்கை உறிஞ்சினால், இவர் ரேடியோவைத் திருகுவார்.

காரணம் பழையது. "ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று அப்பா ஒரு காலத்தில் கேட்டுவிட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. டீக்கடையில் பார்க்கிறவரைக்கூட மாமா, மச்சான் என்று உறவு கொண்டாடுகிற மனுஷர், அவளைப் பெற்றவரை மட்டும் இன்று வரைக்கும் "அந்த ஆளு" என்றுதான் சொல்வார்.

மறுநாள், டிப்போவில் அவரோடு வேலை பார்த்த மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றினார்.

"மாப்ளே, லைனிங் புதுசு. பிரேக்குக்குப் போற காத்தும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வருது. பிரேக் மேல வீண் பழி போடாதே. வா, எடை மேடைக்குப் போலாம்."

அங்கே முதலில் பின் அச்சை முழுதாக மேடையில் ஏற்றினார்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்துச் சக்கரமாக. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்தத்துல குறையில்ல. ஆனா பாரமெல்லாம் வலப்பக்கம் குவிஞ்சு கிடக்கு. இடப்பக்கச் சக்கரத்து மேல அமுக்க ஆளே இல்ல. பிரேக்கைத் தொட்டா பூட்டிக்காம என்ன செய்யும்?"

உள்ளே ஏறிப் பார்த்தார். தண்ணித் தொட்டி, பேட்டரி, பீரோ, அடுப்பு, கட்டில் எல்லாம் வலது சுவரை ஒட்டி அடைந்து கிடந்தன. இடப்பக்கம், பின்கதவிலிருந்து மூணு ஜன்னல் நீளத்துக்கு வெறும் தரை.

"ஏம்ப்பா, குடித்தனம் பண்றவன் எவனாவது ஒருக்களிச்சு வீடு கட்டுவானா?"

"நல்லாக் கேளுங்கண்ணே" என்றாள் அவள். "நான் முழங்கையை மடக்கிட்டுச் சமைக்கிறேன். அங்க ஒரு துடைப்பம் சாத்தினாக்கூட எடுத்து வெளியே வைக்கிறாரு. பின்கதவை வேற ஆள் படுத்துட்டே போகலாம்ங்கிற அகலத்துக்கு வெட்டியிருக்காரு. கேட்டா, காத்து வரட்டுமாம். எல்லாம் உங்க டிப்போ ஜமா வந்து உக்காந்து சீட்டாடத்தான். வேற எதுக்கு?"

அவர் பின்கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார்.

"அப்ப சுலபம். தண்ணித் தொட்டியை இங்க மாத்திடறேன். அரை நாள் வேலை" என்றார் மெக்கானிக்.

"அங்க வேண்டாம் மச்சான்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடேன்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. குரல் உடைந்துவிட்டது. "நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? எங்கப்பா பக்கத்துல நாலு நாள் இருக்கணும்னுதானே கேட்டேன். அவர் உயிரோட இருக்கிறப்பவே போகணும்ங்க. உங்க சீட்டுக் கச்சேரிக்காக அதுல மண்ணைப் போடாதீங்க."

எடை மேடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். மெக்கானிக் தர்மசங்கடமாகத் தொண்டையைச் செருமினார்.

"அழாதே தங்கச்சி. இதோ பாரு மாப்ளே, பேட்டரியை இந்தப் பக்கம் மாத்திக்கலாம். அப்பவும் இங்க நூறு கிலோவுக்குக் கிட்ட குறையும். அங்க என்னதான் வைக்கப் போறே? எடையைச் சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி மத்ததைச் சரி பண்றேன். சொல்லலேன்னா தொட்டி அங்கதான்."

அவர் பிடரியைச் சொறிந்தார். வெறும் தரையில் நாலு மூலையிலும் அடித்து வைத்திருந்த இரும்புக் கொக்கிகளைச் செருப்புக் காலால் தடவினார்.

"கட்டில் ஒரு நாப்பது கிலோ வரும் மச்சான். ஆஸ்பத்திரிக் கட்டில், சொல்லி வெச்சிருக்கேன். தலைமாட்டைத் தூக்கி வெச்சா, படுத்தபடியே ஜன்னல்ல கடல் தெரியும்."

அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"மாமா இப்ப எத்தனை கிலோ இருப்பாரு?"